முழங்கையில் எந்த எலும்பு எங்கே: விரலால் தேடிப் பிடிக்கும் முறை

முழங்கை வலி என்று வருகிறவர்களிடம் வலிக்கிற இடத்தைக் காட்டச் சொன்னால், பெரும்பாலானோர் உள்ளங்கையால் முழங்கை மொத்தத்தையும் பொத்திக் காட்டுவார்கள். "இங்கதான் மேடம், முட்டி பூரா." நான் விடமாட்டேன். "ஒரே ஒரு விரலால காட்டுங்கண்ணே" என்பேன். கொஞ்சம் யோசித்து, கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஆள்காட்டி விரலால் ஒரு புள்ளியைத் தொடுவார். அந்தப் புள்ளி எலும்பின் முனையிலா, முனைக்கு ஒரு விரல் தள்ளியா, இல்லை அதற்கும் கீழே சதையிலா என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெரம்பூரில் மாடிப்படி ஏறி வர வேண்டிய ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக் என்னுடையது. பரோட்டா மாஸ்டர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஷட்டில் ஆடும் பிள்ளைகள் என்று முழங்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. கூடவே கல்லூரியிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்குப் பிள்ளைகள் வருவார்கள். பாடத்துக்கு வைத்திருக்கும் எலும்புத் தொகுப்பிலிருந்து மேல்கை எலும்பான ஹ்யூமரஸை எடுத்துக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பெயர் சொல்வார்கள். அதே எலும்பு தோலும் கொழுப்பும் சதையும் போர்த்திக்கொண்டு ஒரு மனுஷனாக ஸ்டூலில் வந்து உட்கார்ந்தால் விரல் தடுமாறும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஷட்டில் கோச்சுகளுக்கும் ஜிம் டிரெய்னர்களுக்கும்கூட இது உதவும்.

முழங்கையில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. மேலே ஹ்யூமரஸ், கீழே சுண்டு விரல் பக்கம் அல்னா, கட்டை விரல் பக்கம் ரேடியஸ். தொடுவதற்கு எல்லாமே கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் மூன்றும் அசைகிற விதம் வேறு வேறு. மேல்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு முன்கையை மடக்கி நீட்டும்போது, விரலுக்கு அடியில் இருக்கும் எலும்பு நகராமல் அப்படியே நின்றால் அது ஹ்யூமரஸ். முன்கையோடு சேர்ந்து நகர்ந்தால் அல்னா. உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும்போது விரலுக்கு அடியில் உருண்டால் ரேடியஸ். கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது என்பதற்காகப் பெயர் சொல்லிவிடாதீர்கள். அசைத்துப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

உட்கார வைப்பது

கைப்பிடி இல்லாத ஸ்டூல் நல்லது. "தொட்டுப் பார்க்கட்டுங்களா" என்று கேட்டுவிட்டு, சட்டைக் கையையோ சுடிதார் கையையோ முழங்கைக்கு நாலு விரல் மேலே வரை மடித்து விடச் சொல்லுங்கள். சென்னையில் வலி என்றால் கிளினிக்குக்கு வருவதற்கு முன்பே ஏதாவது ஒரு தைலம் தேய்த்திருப்பார்கள். அதை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் விரல் வழுக்கினால் மெல்லிய எலும்பு விளிம்பு ஒன்றும் பிடிபடாது.

நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். விரலின் நுனியால் குத்தாமல், ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் சதைப்பகுதியால் தொடுங்கள். எவ்வளவு அழுத்தம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உங்கள் நகத்தின் முன்பகுதி லேசாக வெளுக்கிற அளவு போதும். அதற்கு மேல் அழுத்தினால் நோயாளி கையை இறுக்குவார், தசை கெட்டியாகி எலும்பை மூடிக்கொள்ளும். பிறகு எதுவும் கிடைக்காது.

எப்போதும் வலி இல்லாத கையிலிருந்துதான் தொடங்குவேன். இரண்டு காரணம். இவருடைய எலும்பு எவ்வளவு துருத்தும், சதை எவ்வளவு தடிமன் என்பது அந்தக் கையிலேயே தெரிந்துவிடும். அப்புறம், நாம் செய்யப்போவது என்ன என்று அவருக்கும் புரிந்து பயம் போய்விடும். வலிக்கிற இடத்தை முதலிலேயே அழுத்திவிட்டால் அந்தக் கை அதன் பிறகு நமக்கு ஒத்துழைக்காது.

இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற குழப்பமும் சீக்கிரம் வரும். உள்ளங்கையைத் திருப்பினால் கட்டை விரல் இடம் மாறிவிடுகிறதே. அதனால் கையைத் தொங்கவிட்டு உள்ளங்கை முன்னால் பார்க்கும் நிலையில் உடம்பை ஒட்டியிருப்பது உள்பக்கம், விலகியிருப்பது வெளிப்பக்கம் என்று ஒருமுறை பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் அப்படித் தொங்கவிடச் சொல்லும்போதே எதிரே நின்று இன்னொன்றையும் பார்த்துவிடலாம். முன்கை மேல்கையோடு நேர்கோட்டில் இருக்காது, சில டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வு பெண்களிடம் பெரும்பாலும் கொஞ்சம் அதிகம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் கவலை இல்லை. ஒரு கை மட்டும் உள்பக்கம் வளைந்திருந்தால் "சின்ன வயசுல கீழே விழுந்தீங்களா?" என்று கேளுங்கள். முழங்கைக்கு மேலே உடைந்து கோணலாகக் கூடிய எலும்பு பல வருஷம் கழித்தும் இப்படிக் காட்டிக்கொடுக்கும்.

ஒலெக்ரனானிலிருந்து கிளம்புவது

கையை மடக்கி மேஜையில் ஊன்றினால் மேஜையைத் தொடுகிற முனைதான் ஒலெக்ரனான். அல்னாவின் மேல்நுனி அது. யாரிடமும் தப்பாத இடம் என்பதால் அதையே பஸ் ஸ்டாண்டாக வைத்து, வழி தவறினால் திரும்ப அங்கேயே வந்து சேருங்கள். ஒரு விரலை அதன் மேல் வைத்து முன்கையை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். முன்கையோடு அதுவும் நகரும். மேல்கையின் பின்பக்கத் தசையான டிரைசெப்ஸின் நாண் இதில்தான் வந்து பிடிக்கிறது.

ஒலெக்ரனானிலிருந்து விரலை எடுக்காமல் முன்கையின் பின்பக்கமாக மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டே போங்கள். சுண்டு விரல் பக்கம் முடியும் ஒரு நீண்ட விளிம்பு கிடைக்கும். அல்னாவின் பின்விளிம்பு. அதன் மேல் தசையே கிடையாது, தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். லத்தி அடியைக் கையை உயர்த்தித் தடுப்பவர்களுக்கு இது உடைவது அதனால்தான். இந்த விளிம்பில் எங்காவது ஒரு படி தட்டுப்பட்டாலோ, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சுரீர் என்றாலோ எக்ஸ்ரேவுக்கு அனுப்ப வேண்டும்.

ஒலெக்ரனானுக்கும் தோலுக்கும் நடுவில் பர்சா என்று ஒரு மெல்லிய பை உண்டு. சாதாரணமாகக் கைக்குத் தட்டுப்படாது. முழங்கையை ஊன்றியே உட்காருகிறவர்களுக்கு இதில் நீர் கோத்து உருண்டையாகத் தொங்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் கையை மடக்கி நீட்டுவதில் பெரிய தடை இருக்காது. அந்த உருண்டை சிவந்து சூடாக இருந்தால், கூடவே காய்ச்சல் இருந்தால் பிசியோ வேண்டாம். அன்றைக்கே டாக்டர்.

உள்பக்கம்: மேடும் அதன் பின்னால் நரம்பும்

ஒலெக்ரனானிலிருந்து உள்பக்கமாக விரலை நகர்த்துங்கள். முதலில் ஒரு பள்ளம், அதைத் தாண்டியதும் நன்றாகத் துருத்திக்கொண்டு ஒரு மேடு. மீடியல் எபிகாண்டைல். முழங்கையின் இரண்டு பக்க மேடுகளில் இதுதான் பெரியது, லேசாகப் பின்பக்கம் பார்த்த மாதிரி நிற்கும். முன்கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். நகராது, ஏனென்றால் இது ஹ்யூமரஸின் பகுதி. மணிக்கட்டை உள்பக்கம் மடக்கும் தசைகள் இதன் முன்பக்கத்திலிருந்து கிளம்புகின்றன. நோயாளியை மணிக்கட்டை மடக்கச் சொல்லி நாம் எதிர்த்துப் பிடித்தால், மேட்டுக்குச் சற்று முன்னாலும் கீழேயும் தசை இறுகுவது விரலுக்குத் தெரியும். கோல்ஃபர்ஸ் எல்போ என்று சொல்லும் வலி வருவது அந்த இடத்தில்தான். என்னிடம் அந்த வலியோடு வந்தவர்களில் கோல்ஃப் மட்டையைத் தொட்டவர் யாரும் இல்லை, ஈரத் துணி பிழிகிறவர்களும் ஸ்பேனர் பிடிக்கிறவர்களும்தான்.

இப்போது அந்தப் பள்ளத்துக்கு வாருங்கள். மேட்டுக்கும் ஒலெக்ரனானுக்கும் நடுவில் ஓடுவது அல்னார் நரம்பு. கதவில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை ஷாக் அடிக்குமே, அது இங்கேதான். இதை அழுத்தக் கூடாது. விரல் சதையை மேட்டின் பின்பக்கம் வைத்து, முன்னும் பின்னுமாக மிக லேசாக உருட்டுங்கள். பாவாடைக்குள் ஓடும் நாடாவைத் துணிக்கு மேலிருந்து தடவிப் பார்ப்பது போல, வழுக்கி வழுக்கிப் போகும் ஓர் உருண்டையான கயிறு தெரியும். எலும்பு இல்லை என்பது அதன் மெத்தென்ற தன்மையிலேயே புரிந்துவிடும். தொட்டதும் சுண்டு விரலிலும் மோதிர விரலில் பாதியிலும் குறுகுறுப்பு வருகிறதா என்று கேளுங்கள். லேசாகத் தொட்டதற்கே நன்றாக வந்தால், மற்றக் கையில் அப்படி வராவிட்டால், குறித்துக்கொள்ளுங்கள். சிலருக்குக் கையை முழுதாக மடக்கும்போது இந்த நரம்பு மேட்டைத் தாண்டி முன்பக்கம் குதித்துவிடும். தொந்தரவு எதுவும் இல்லாத பலரிடமும் இதைப் பார்க்கலாம். ஆனால் விரல் அங்கே இருக்கும்போது அது குதித்தால் புதுசாகப் படிக்கிற பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள்.

ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் சுண்டு விரல் மரத்துப் போகிறது என்று வந்தார். கையில் எதையும் தேடும் முன்பு, "வண்டியில எப்படி உட்காருவீங்க, காட்டுங்க" என்றேன். இடது முழங்கையை பக்கத்துக் கம்பியில் சாய்த்து உட்கார்ந்து காட்டினார். கம்பி அழுத்துவது சரியாக இந்தப் பள்ளத்தில்.

வெளிப்பக்கம்: எல்லோரும் தவறவிடுகிற மேடு

லேட்டரல் எபிகாண்டைலைக் காட்டு என்றால் பிள்ளைகளில் பாதிப் பேர் முன்கையின் வெளிப்பக்கத் தசை உருண்டையைக் காட்டுவார்கள். மீதிப் பேர் ரேடியஸின் தலையில் போய் நிற்பார்கள். இந்த மேடு உள்பக்கத்து மேடு அளவுக்குத் துருத்தாது. கண்ணால் தேடினால் அகப்படாது, ஆனால் அதற்குப் போக நல்ல வழி ஒன்று உண்டு.

முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, முன்கையை ஒரு தலையணை மேல் வைத்துத் தளர்த்தச் சொல்லுங்கள். மேல்கையின் வெளிப்பக்கத்தில், முழங்கைக்கு நாலு விரல் மேலே தொடங்கி, கீழே விரலை இழுங்கள். பின்னால் டிரைசெப்ஸ், முன்னால் முன்கைக்குப் போகும் தசை. இரண்டுக்கும் நடுவில் எலும்பின் ஒரு கூர்மையான விளிம்பு பிடிபடும். அதை விடாமல் கீழே வந்தால் விளிம்பு அகன்று ஒரு சின்ன மேட்டில் முடியும். அதுதான் லேட்டரல் எபிகாண்டைல். முன்கையை மடக்கி நீட்டுங்கள், நகரவில்லையா? உள்ளங்கையைத் திருப்பச் சொல்லுங்கள், உருளவில்லையா? சரி, வந்து சேர்ந்துவிட்டீர்கள்.

டென்னிஸ் எல்போ வலி வருவது இங்கே. ஆனால் மேட்டின் உச்சியில் இல்லை. அதற்கு ஒரு சென்டிமீட்டர் அளவு முன்னாலும் கீழேயும், மணிக்கட்டைத் தூக்கும் தசையின் நாண் கிளம்புகிற இடத்தில். ஒரு பரோட்டா மாஸ்டர் வந்தார். மாவை வீசுவதால் வலி என்றுதான் அவரே சொன்னார். செய்து காட்டச் சொன்னேன். வீசும்போது முகம் மாறவில்லை. சூடான பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுவார்களே, அதைக் காட்டியபோதும் ஒன்றும் இல்லை. தோசைக் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, மணிக்கட்டை மேலே தூக்கிக் கல்லைச் சுரண்டுவதாகக் காட்டியபோதுதான் 'ஸ்ஸ்' என்றார். முழங்கையை நீட்டவைத்து, கை முஷ்டியாக, மணிக்கட்டைத் தூக்கச் சொல்லி நான் எதிர்த்து அழுத்தினேன். வலி வந்தது நான் சொன்ன அந்த ஒரு சென்டிமீட்டர் புள்ளியில்.

இந்தத் துல்லியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இன்னும் மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே, தசைக்குள் ஆழமாக அழுத்தினால்தான் வலி என்றால் அது ரேடியல் நரம்பின் கிளை நெரிபடுவதாக இருக்கலாம். டென்னிஸ் எல்போவுக்கு முன்கையில் இறுக்கிக் கட்டுகிற பட்டை அந்த நரம்புக்கு மேலும் தொல்லை தரும். மெடிக்கல் ஷாப்பில் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டு "மேடம், இது போட்டதிலிருந்து அதிகமாயிடுச்சு" என்று வருகிறவர்கள் உண்டு.

உருளுகிற எலும்பு

முழங்கையில் எனக்குப் பிடித்த இடம் ரேடியஸின் தலை. தேடுவது கொஞ்சம் கஷ்டம், ஆனால் கிடைத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடம் இல்லை.

லேட்டரல் எபிகாண்டைலில் ஒரு விரலை வையுங்கள். அங்கிருந்து முன்கை நோக்கி இரண்டு சென்டிமீட்டர் அளவு இறங்குங்கள், கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்தாற்போல. முன்னால் சாய்ந்தால் தசை மூடிக்கொள்ளும். அங்கே விரலை வைத்துவிட்டு, மற்றக் கையால் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையை மேலே, கீழே என்று மெதுவாகத் திருப்புங்கள். தோலுக்கு அடியில் வட்டமான, வழவழப்பான எலும்பு சுழலும். அதுதான் ரேடியஸின் தலை. விரலை ஒரு நூல் மேலே தள்ளினால் ஒரு குறுகிய பள்ளம். அதற்கு மேலே இருப்பது திருப்பினால் சுழலாது, அது ஹ்யூமரஸின் கேப்பிடுலம். அந்தப் பள்ளம்தான் இரண்டு எலும்புக்கும் நடுவிலான மூட்டு இடைவெளி.

உருளவே இல்லை என்றால் இரண்டு காரணம்தான். விரல் இன்னும் மேலே எபிகாண்டைலிலேயே இருக்கிறது, அல்லது ரொம்பப் பின்னால் போய் அல்னாவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொரு தொல்லை, நோயாளி முன்கையைத் திருப்பாமல் தோளிலிருந்து மொத்தக் கையையும் சுழற்றுவது. முழங்கை விலாவை விட்டு விலகுவதைப் பார்த்தாலே தெரியும். "முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சுக்குங்க, உள்ளங்கையைக் காட்டுங்க, இப்போ புறங்கையைக் காட்டுங்க" என்று சொன்னால் சரியாகிவிடும்.

சதைப்பிடிப்பான கையாக இருந்தால் வேறு வழி. கையை முழுதாக நீட்டச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முழங்கையின் பின்பக்கம், வெளிப்பக்கமாக ஒரு குழி விழும். குழந்தைகளிடமும் குண்டானவர்களிடமும்கூட இந்தக் குழி தெரியும். ரேடியஸின் தலை அந்தக் குழிக்குள்தான் இருக்கிறது. விரலை அங்கே வைத்து முன்கையைத் திருப்பினால் உருளுவது தெரிந்துவிடும்.

கையை ஊன்றிக் கீழே விழுந்தவர்களுக்கு, முக்கியமாக பைக்கில் சறுக்கியவர்களுக்கு, இந்தத் தலையில் மெல்லிய விரிசல் வருவது சகஜம். வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. "லேசா இடிச்சதுதான் மேடம்" என்பார்கள். உள்ளங்கையைத் திருப்பும்போது இந்தப் புள்ளியில் வலித்து, கையை முழுதாக நீட்டவும் முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் உடற்பயிற்சி எதையும் தொடங்குவதில்லை நான். அடிபட்டவர் முழங்கையை முழுதாக நீட்ட முடியாமல் போவது, எலும்பு உடைந்திருக்கலாம் என்பதற்கான எளிய அடையாளங்களில் ஒன்று.

ரேடியஸின் தலை, லேட்டரல் எபிகாண்டைல், ஒலெக்ரனான் முனை, இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு மெத்தென்ற இடம் இருக்கிறது. மேலே ஒரு சின்னத் தசையைத் தவிர வேறு மூடாக்கு இல்லை. மூட்டுக்குள் நீரோ ரத்தமோ கோத்தால் முதலில் உப்புவது இங்கேதான். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். மூட்டிலிருந்து நீர் எடுக்க டாக்டர்கள் ஊசி போடுவதும் இந்த வழியாகத்தான்.

பொட்டு ஒட்டிப் பார்ப்பது

என் மேஜை டிராயரில் எப்போதும் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இரண்டு இருக்கும், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இன்டர்ன்கள் ஒருவர் கையில் ஒருவர் ஒட்டிப் பழகுவதற்கு.

கையை முழுதாக நீட்டவைத்து, இரண்டு எபிகாண்டைல்களையும் ஒலெக்ரனான் முனையையும் தேடி, மூன்றிலும் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் மூன்றும் குறுக்காக ஒரே கோட்டில் இருக்கும். இப்போது கையைச் செங்கோணமாக மடக்கச் சொல்லுங்கள். ஒலெக்ரனான் கீழே இறங்கி, மூன்று புள்ளியும் ஒரு முக்கோணமாகிவிடும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர் கார்ல் ஹ்யூட்டரின் பெயரால் இதை ஹ்யூட்டர் முக்கோணம் என்கிறார்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகள் சிவப்புப் பொட்டுகளையே பார்த்து முக்கோணத்தை வரையத் தொடங்குவார்கள். நிறுத்திவிட்டு, மடக்கிய நிலையில் மூன்று எலும்பையும் மறுபடி விரலால் தேடிப் பச்சைப் பொட்டு ஒட்டச் சொல்வேன். ஒலெக்ரனானில் பச்சையும் சிவப்பும் ஒரே இடத்தில் விழாது. நீட்டிய கையில் முழங்கையின் பின்தோல் சுருங்கித் தளர்வாகக் கிடக்கிறது, மடக்கியதும் இழுபட்டு விறைக்கிறது. பொட்டு தோலோடு போகிறது, எலும்பு தன் வழியில் போகிறது. முக்கோணம் என்பது பச்சைப் பொட்டுகளில்தான். பேனாவால் குறிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். கை நிலை மாறினால் பழைய குறியை மறந்துவிட்டுத் திரும்பத் தேட வேண்டும்.

இந்த முக்கோணத்தால் என்ன பயன்? ஹ்யூமரஸ் இந்த மூன்று புள்ளிகளுக்கும் மேலே உடைந்தால், மூன்றும் ஒன்றாகவே இடம் பெயரும். கை கோணலாகத் தெரியும், ஆனால் முக்கோணம் கலையாது. மூட்டு பின்பக்கமாக நழுவியிருந்தால் ஒலெக்ரனான் பின்னாலும் மேலேயும் போய்விடும், முக்கோணம் கலைந்துவிடும். எக்ஸ்ரே இல்லாத காலத்தில் இதுதான் வழி. இன்றைக்கும் முதல் பார்வைக்கு உதவும். ஆனால் வீக்கம் ஏறிவிட்டால் புள்ளிகள் எதுவும் பிடிபடாது, முடிவு எக்ஸ்ரேயில்தான். முக்கோணத்தின் இரண்டு பக்கமும் அளந்த மாதிரி சமமாக இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அதே ஆளின் மற்றக் கைதான் அளவுகோல்.

மிச்சம் இருப்பவை

ஹ்யூமரஸின் பின்பக்கத்தில் இருக்கும் ஒலெக்ரனான் குழியைச் சும்மா ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கையைப் பாதிக்கும் குறைவாக மடக்கி, டிரைசெப்ஸைத் தளர்த்தி, ஒலெக்ரனான் முனைக்கு நேர் மேலே, நாணின் இரு பக்கமும் அழுத்தினால் பள்ளம் தெரியும். முழுதாக நீட்டினால் ஒலெக்ரனானே குழிக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். முழுதாக மடக்கினால் நாண் இறுகிவிடும்.

முன்பக்கம் எலும்பு தேடும் இடமே இல்லை. அல்னாவின் முன்பக்கத்துக் கொரோனாய்டு முனை ஆழத்தில் கிடக்கிறது, கைக்கு வராது. கையை மடக்கி எதிர்த்துப் பிடித்தால் நடுவில் பைசெப்ஸ் நாண் கயிறாக எழும்பும், அதன் உள்பக்கம் நாடி துடிக்கும். பி.பி. பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப் வைக்கிற இடம். ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிற இடத்தில் விரலை விட்டுக் குடைய வேண்டாம்.

தொடக் கூடாத கை

புதிதாக அடிபட்டு, வீங்கி, கோணலாகத் தெரிகிற முழங்கையில் மேலே சொன்ன எதையும் செய்து பார்க்காதீர்கள். விரல்கள் அசைகின்றனவா, உணர்ச்சி இருக்கிறதா, சூடாக இருக்கின்றனவா, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே துப்பட்டாவாலோ துண்டாலோ தாங்கிக் கட்டி 108-க்குப் போன் செய்யுங்கள். விரல் வெளுத்துச் சில்லென்று இருந்தால், மரத்துப் போயிருந்தால், விரலை நீட்டினாலே வலியில் கத்தினால், ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

மாடியில் பட்டம் விட்டோ, சைக்கிளிலிருந்தோ விழுந்த பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே உடைவதுதான் அதிகம். எண்ணெய் போட்டு நீவி விடுவது, சுளுக்கு எடுப்பது, இழுத்துக் கட்டுவது எல்லாம் அந்தக் கைக்குப் பகை. அடிபட்ட முழங்கையை நீவினால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு மடங்காமல் போகலாம். நீவி நீவி விறைத்துப் போன முழங்கையை மறுபடி மடக்க வைப்பது என் வேலையிலேயே பொறுமையைச் சோதிக்கிற வேலை.

ஒரு வயதிலிருந்து நாலு வயது வரைக்குமான குழந்தையை, பஸ்ஸில் ஏற்றும்போது ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டால், ரேடியஸின் தலை அதைச் சுற்றியுள்ள வளையத் தசைநாரிலிருந்து லேசாக நழுவிவிடும். குழந்தை கையைத் தொங்கப்போட்டு, உள்ளங்கையைத் திருப்பாமல், அந்தக் கையால் பிஸ்கட்கூட வாங்காது. வீக்கம் பெரும்பாலும் இருக்காது. டாக்டர் ஒரு நொடியில் சரிசெய்துவிடுவார். வீடியோ பார்த்து வீட்டில் முறுக்கிப் பார்க்க வேண்டாம், எலும்பு உடைந்த குழந்தையும் இதே மாதிரிதான் கையைத் தொங்கப்போடும். வட சென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி இருக்கிறது, குழந்தைகளுக்கென்றே எழும்பூர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளின் முழங்கையில் பல பகுதிகள் இன்னும் குருத்தெலும்புதான். கேப்பிடுலம் ஒரு வயது வாக்கில் எலும்பாகத் தொடங்கும், லேட்டரல் எபிகாண்டைல் பதினொன்று வாக்கில்தான். அதனால் எக்ஸ்ரேயில் தனியாக நிற்கிற ஒரு துண்டு உடைந்த துண்டாகவும் இருக்கலாம், வளர்கிற எலும்பாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் எலும்பு டாக்டர்.

நோட்டில் எழுதுவது

"முட்டி வலி" என்று எழுதிய கேஸ் ஷீட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இப்படி எழுதலாம்: வலது முழங்கை, லேட்டரல் எபிகாண்டைலுக்கு ஒரு செ.மீ. முன்–கீழே விரல் நுனி அளவு இடத்தில் வலி. ரேடியஸின் தலையில் வலி இல்லை, உருளும்போதும் இல்லை. மீடியல் பக்கம் ஒன்றும் இல்லை. அல்னார் நரம்பு இரண்டு கையிலும் ஒரே மாதிரி. நீட்டுவது முழு அளவு.

இல்லை என்பதையும் எழுத வேண்டும். அப்புறம், தொட்டபோது முழங்கை எவ்வளவு மடங்கியிருந்தது, உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். அடுத்த வாரம் அதே புள்ளியைத் தேடப் போகிறவர் வேறொருவராக இருக்கலாம்.